அம்பு ஸ்டிக்கர்

அசையாத கண்ணு. சித்த அப்படியே இரு. உன்ற சுடிதாருல தோள்பட்டைகிட்ட ஒரு தையல் விட்டுப்போயிருக்குது, பாத்தியா? நீ எங்க பாத்திருப்ப! கடைக்காரன் கண்ணாடி முன்னால நிக்க வெச்சு "சூப்பரா இருக்குதுங்க மேடம்"னு சொல்லியிருப்பான், நீயும் நம்பி வாங்கிட்டு வந்திருப்ப. அட, தட்டி உடாத, அது பூச்சி இல்ல. அம்பு ஸ்டிக்கர். பிச்சா வந்துரும், துணியில பசை நிக்காது. வீட்டுக்குப் போனதும் அம்பு எங்க காட்டுதோ அங்க ரெண்டு தையல் போட்டுக்க. இல்லீன்னா நாலு தொவைப்புல கையே தனியாக் கழண்டு வந்துரும். கோவிச்சுக்காத. என்ற கை சும்மா இருக்காது.

இந்த பஸ்ஸுல நீ கோபி வரைக்குமா? செரி. நான் குன்னத்தூரு தாண்டி காட்டுவலசுப் பிரிவுல எறங்கோணும். பேச ஆளாச்சு. சன்னல் பக்கம் நீயே உக்காந்துக்க, எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பைய மட்டும் மடியில வெச்சுக்கறன். இல்ல, மேல வேண்டாம். கீழயும் வேண்டாம், கசங்கிப் போயிரும். இதுக்குள்ள என்ன இருக்குதுங்கறத அப்பறம் சொல்றன். அதுதான் இப்ப எனக்கு வெசனமே.

என்ற பேரு துளசிமணி. திருப்பூருல பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நிக்கறன். டெய்லருங்க தைச்சு அனுப்பற பீஸெல்லாம் எங்க டேபிளுக்கு வரும். முன்னாடி பாத்து, பின்னாடி பாத்து, உள்பக்கம் திருப்பி, தையல இழுத்துப் பாத்து, எங்க குத்தம் இருக்குதோ அங்க இந்த அம்ப ஒட்டோணும். ஓட்டையா, கறையா, தையல் விட்டதா, எதுவானாலும் சரி, அம்பு காட்டும். அப்பறம் அது ஆல்டருக்குப் போகும். ஆல்டருன்னா, யாரு தைச்சாளோ அவகிட்டயே திரும்பிப் போகும், பிரிச்சு மறுபடி தைக்கறதுக்கு. எல்லாரும் ஸ்டிக்கர் தாள டேபிள்ல வெச்சுக்குவாளுங்க. நான் பொறங்கையில வரிசையா ஒட்டி வெச்சுக்குவன். இதா பாரு, இன்னிக்கு லீவு போட்டும் ஒட்டிட்டு வந்திருக்கறன். காலையில குளிச்சுப் பொட்டு வெச்சதும் கை தானாப் போகுது. பூ வெக்க மறந்தாலும் இது மறக்காது.

எங்க கம்பெனியில ஒரு பீஸு நல்லா இருக்குதுங்கறதத் தமிழ்ல சொல்ற ஒருத்தரும் கெடையாது, தெரியுமா? எல்லாம் இங்கிலீஸுதான். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. ஆனா அந்த வார்த்தைங்கள என்னை மாதிரி எவனும் படிச்சிருக்க மாட்டான். ஓகேன்னா என்ன? குத்தம் இருக்கலாம், ஆனா போட்டுக்கறவனுக்குத் தெரியாது, அதான் ஓகே. கரெக்ட்டுன்னா அளவு. டேப்பு வெச்சா டேப்பு என்ன சொல்லுதோ அப்படியே இருக்கோணும், அதுக்கு மேல அதுல ஒன்னும் இல்ல. பெர்பெக்ட்டுங்கறது வேற. இழுத்தாலும் திருப்பினாலும், வெயில்ல பாத்தாலும் லைட்டுல பாத்தாலும் ஒன்னுமே சொல்றதுக்கு இல்லாம இருக்கோணும். பிசிறு கூட இருக்கக் கூடாது. அப்படி ஒன்ன நான் பாத்ததே இல்ல. பாக்காதத எப்படிச் சொல்லுவன்? மேனேஜர் சாரு டீ குடிச்சா பெர்பெக்ட்டும்பாரு, லாரி வந்து நின்னா பெர்பெக்ட்டும்பாரு, மழை உட்டாலும் பெர்பெக்ட்டும்பாரு. அவரு வாயில அந்த வார்த்தை வெத்தலைபாக்கு மாதிரி. என்ற வாயில வந்ததே இல்ல. "துளசியக்கா வாயில கரெக்ட்டு வந்தாலே பொங்கப் பானை வெக்கலாம்"னு டெய்லருங்க பேசிக்குவாளுங்க. பேசட்டும். எனக்கென்ன?

ஒருக்கா எங்க சரக்க வாங்கற பையர் ஆபீஸுல இருந்து ஒரு தம்பி வந்தாப்ல. பொட்டியப் பிரிச்சு கொஞ்சம் பீஸ எடுத்துப் பாத்தாப்ல. குத்தம் இருந்துச்சு. நானே பக்கத்துல நின்னு காட்டுனன். அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே, "இத்தனைக்கு இத்தனை குத்தம் இருக்கலாங்க்கா, அது அக்செப்டபிள்"னு சொல்லுது. எனக்குத் தலை சுத்திப் போச்சு. குத்தம்னா குத்தம். அதுல என்ன இருக்கலாம், இருக்கக் கூடாது? "ஏந்தம்பி, உங்கம்மா இட்லியில கல்லு கெடந்தாலும் இத்தனைக்கு இத்தனைன்னு திம்பீங்களா?"ன்னு கேட்டுட்டன். மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு சத்தம் போட்டாரு. போட்டா என்ன? அந்த வார்த்தைய இன்னிக்கு வரைக்கும் நான் வாயால சொன்னதில்ல. இப்பத்தான் உனக்காகச் சொல்றன்.

செரி, என்ற மருமக கதைக்கு வாரன். அவ பேரு கோகிலவாணி. எங்க கம்பெனியிலயே டெய்லரா இருந்தவ. கை நல்ல கைதான், நான் இல்லைங்கல. ஆனா அவசரக் கை. அவ உக்காந்து தைக்கற லைனுல இருந்து பீஸு வந்தா எனக்கு ஸ்டிக்கர் தாளு நிக்காது. ஆல்டரு, ஆல்டரு, ஆல்டரு. ஒரு நாள் எந்திரிச்சு வந்து டேபிளத் தட்டினா. "ஏனுங்க்கா, என்ற பீஸுன்னு தெரிஞ்சே ஒட்டறீங்களா?" "அம்மிணி, பீஸுல யாரு பேரும் எழுதியில்ல, அம்புக்கு ஆளு தெரியாது"ன்னன். அவ மொறைச்சா. நானும் மொறைச்சன். லைனே பாத்துச்சு.

இதுக்கெடையில என்ற பையன் பூபதி இருக்கறானே, கம்பெனி வேன் ஓட்டறவன், அவன் ஆல்டர் பீஸ எங்க டேபிள்ல இருந்து அவ லைனுக்குத் தூக்கிட்டுப் போயிட்டு இருந்திருக்கறான். அவன் வேலையே இல்ல அது! டெய்லருங்களுக்கு எடுத்துக் குடுக்கற கைமடிப் பொம்பளைங்க செய்யற வேலைய இவன் ஏன் செய்யறான்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல. நான் ஒட்ட ஒட்ட அவன் தூக்கிட்டுப் போயிருக்கறான். சிரிக்கற! சிரி, சிரி. கம்பெனியே சிரிச்சுச்சு. "உங்க அம்பு கரெக்ட்டாத்தான் போயி விழுந்துச்சுக்கா"ன்னாளுங்க.

கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்கல, அதக் கேட்டுக்க. கூரைப்பொடவைய மட்டும் பிரிச்சுப் பாத்தன். முந்தியில ஒரு இழை ஓடியிருந்துச்சு. காட்டுனன். முகூர்த்தத்துக்கு முன்னால காட்டோணுமா, அப்பறம் காட்டோணுமான்னு நீயே சொல்லு. முன்னால சொன்னாத்தான கடைக்காரன் மாத்திக் குடுப்பான்? அவங்கம்மா மூஞ்சி தொங்கிப் போச்சு. நல்லதுக்குச் சொன்னா யாருக்குப் புடிக்குது?

வீட்டுக்கு வந்தா. வந்த பொறகு நான் ஒன்னும் சொன்னதில்ல. மாவு கொஞ்சம் கொரகொரன்னு இருந்தா கொரகொரன்னு இருக்குதும்பன். கோலத்துல ஒரு புள்ளி தள்ளியிருந்தா, தள்ளியிருக்குதும்பன். அது குத்தம் சொல்றதா? இருக்கறதச் சொல்றது. ஒரு நாளு பூபதி சொல்றான், "அம்மா, டேபிள கம்பெனியிலயே உட்டுட்டு வாம்மா"ன்னு. "டேபிள எவன்டா தூக்கிட்டு வந்தான்?"ன்னன். அவன் எந்திரிச்சுப் போயிட்டான். இப்பத்தப் பசங்களுக்கு என்ன பேசறோம்னே தெரியறதில்ல.

சித்த தண்ணி குடிச்சுக்கறன். இப்ப சொல்லப்போறத நல்லாக் கேட்டுக்க. கேட்டுட்டு எம்மேல தப்பான்னு சொல்லு. தப்புன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டன், அது வேற. ஆனாலும் சொல்லு.

கோகிலாவுக்கு வலி எடுத்துருச்சுன்னு போன் வந்துச்சு. நான் டேபிள்ல நின்னவ அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடுனன். பொறங்கையில ஸ்டிக்கர் அப்படியே இருக்குது. கழட்ட யாருக்கு நேரம்? பொம்பளப் புள்ள பொறந்துச்சு. சம்பந்தியம்மா அழுகுறாங்க, பூபதி அழுகுறான், எனக்கும் நெஞ்சு நெறைஞ்சு போச்சு கண்ணு, இல்லைங்கல. நர்ஸு புள்ள கொழந்தையத் துணியில சுத்திக் கொண்டாந்து என்ற கையில குடுத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா பாரு. "பெர்பெக்ட் பேபிம்மா"ன்னா. அத மட்டும் அவ சொல்லாம இருந்திருந்தா நான் துணிய விலக்கியே பாத்திருக்க மாட்டன். சத்தியமாச் சொல்றன். ஆனா எங்கிட்ட வந்து பெர்பெக்ட்டுன்னா? அவ பாத்தாளா? திருப்பிப் பாத்தாளா?

கட்டில்ல கோகிலா பக்கத்துல படுக்க வெச்சு, துணியப் பிரிச்சன். தலை, கழுத்து, தோளு ரெண்டும், கை ரெண்டும், வெரலு எல்லாம். அப்பறம் திருப்பி முதுகு. அப்பறம் காலு. எடது கால்ல வந்து கண்ணு நின்னுருச்சு. பாதம் உள்பக்கமா மடங்கிக் கெடக்குது. உள்ளங்காலு கீழ பாக்காம மேல பாக்குது. மெதுவா நீவி உட்டுப் பாத்தன். நேரா வரல. சுத்தி நிக்கறவங்க அப்பன் மூக்கு, ஆத்தா நெத்தின்னு பேசிட்டு இருக்கறாங்க, ஒருத்தி பாக்கல! கை போயிருச்சு கண்ணு. ஒட்டிட்டன்.

இப்படிப் பாக்காத. அது செவப்பு அம்பு, வெரல் நகத்தளவு. கணுக்காலுகிட்ட ஒட்டுனன். டாக்டரு வந்தா எங்க பாக்கோணும்னு தெரியோணுமல்ல? நான் அங்க நிக்காட்டியும் அம்பு நிக்குமல்ல? அப்படித்தான எங்க வேலையே?

கோகிலா பாத்துட்டா. பச்சை ஒடம்புக்காரி, எந்திரிச்சு உக்காந்துட்டா. சத்தம் போடல. நான் அவ சத்தம் போடுவான்னுதான் நெனைச்சன். "டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டறீங்களாங்க அத்தை?"ன்னு கேட்டா. "என்ற புள்ளைய யாருகிட்டத் திருப்பி அனுப்பலாம்னு இருக்கறீங்க?" அப்படின்னு கேட்டா. நான் சும்மா இருந்திருந்தா ஆச்சு. ஆனா கேள்வி கேட்டா பதில் சொல்லோணுமல்ல? வழக்கமா என்ன சொல்லுவமோ அது வாயில வந்துருச்சு. "தைச்சவகிட்டத்தான்"னு சொல்லிட்டன்.

ஏன் கண்ணு தலையில கை வெக்கற? கம்பெனியில அதுதான முறை?

அதோட போச்சு. சம்பந்தியம்மா என்ற கையப் புடிச்சு வாசலுக்கு இழுத்துட்டுப் போயி உட்டாங்க. பூபதி கொழந்தைகிட்டயே நின்னுக்கிட்டான். ஆஸ்பத்திரியில இருந்து அவ நேரா அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா, காட்டுவலசுக்கு. பொறகாலயே என்ற பையன் துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டான். அங்க இருந்தே கம்பெனி வேன் ஓட்டறான் இப்ப, எங்க டேபிள் பக்கம் வரதில்ல. நான் கொழந்தைய அன்னிக்குப் பாத்ததுதான். இப்ப அது நடக்குதாம். கணக்குப் போட்டுக்க.

ஆனா கேளு. தடுப்பூசி போடப் போனப்ப டாக்டரே பாத்துட்டாரு. பாதம் உள்ள மடங்கியிருக்குது, உடனே பாக்கோணும்னுட்டாரு. வாராவாரம் மாவுக்கட்டு. ஒரு கட்டப் பிரிச்சு, கொஞ்சம் நேராக்கி, மறுகட்டு. அப்பறம் குதிகால்ல ஊசி நுனி அளவுக்கு ஒரு சின்ன ஆப்ரேசன். அப்பறம் ரெண்டு ஷூவையும் ஒரு கம்பியில மாட்டி வெப்பாங்களாம். அந்த வைத்தியத்துக்கே டாக்டருங்க கரெக்சன்னுதான் பேரு வெச்சிருக்கறாங்க, தெரியுமா? கரெக்சன்! எங்க கம்பெனி வார்த்தை! சீக்கிரமே கண்டுபுடிச்சதால நல்லா நேரா வந்துரும்னு டாக்டரு சொன்னாராம். சீக்கிரம் கண்டுபுடிச்சது யாரு? சொல்லு, யாரு?

பூபதி போன்ல இதச் சொன்னப்ப நான் கேட்டன். "ஏம்பா, அப்ப நான் காட்டுனது கரெக்ட்டா இல்லையா? வேற ஒன்னும் வேண்டாம். அந்த ஒத்த வார்த்தைய மட்டும் சொல்லு." அவன், "கரெக்ட்டுதாம்மா. அதனால என்ன?"ன்னுட்டு போன வெச்சுட்டான்.

அதனால என்னவா? அது என்ன கேள்வி? கரெக்ட்டுன்னா கரெக்ட்டு, அதுக்கு அப்பறம் என்ன இருக்குது? நான் அந்தக் கேள்விய டேபிள்ல நின்னு யோசிச்சன், பஸ்ஸுல யோசிச்சன், சோத்தப் பெசைஞ்சு வெச்சுட்டு யோசிச்சன். எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. உனக்கு வெளங்குதா? படிச்ச புள்ள, நீயாச்சும் சொல்லு. செரி, வேண்டாம், சொல்லாத.

மாவுக்கட்டோட கொழந்தை போட்டா அனுப்புவான் போன்ல. என்ற வீட்டுல நான் ஒருத்திதான். அந்தப் போட்டாவப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பன். வெள்ளைக் கட்டுக்கு வெளிய அஞ்சு வெரலும் மொளகாப்பழ நுனி மாதிரி எட்டிப் பாக்கும். தொட்டா போன் கண்ணாடிதான் கையில படும். சில நாளு அந்தக் கண்ணாடியையே தொடைச்சிட்டு உக்காந்திருப்பன். ஆனா நானாப் போயி "தப்புப் பண்ணிட்டன், உள்ள உடுங்க"ன்னு நிக்க மாட்டன். இல்லாத தப்ப எப்படி ஒத்துக்கறது? தீவாளி, பொங்கலு ரெண்டு நோம்பியும் தனியாத்தான் கும்பிட்டன். கும்பிட்டுட்டுப் போறன், இப்ப என்ன கெட்டுப் போச்சு?

இப்பத்தான் சங்கதியே வருது. நாளைக்குக் கொழந்தைக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறாங்க, குலதெய்வக் கோயில்ல. போன வாரம் பூபதி வேன நிறுத்திட்டு செக்கிங்குக்கு வந்தான். கையில ஒரு பொட்டலம். "அம்மா, இது பாப்பாவுக்குக் காதுகுத்துக்குப் போடற கவுனு. கோகிலா தைச்சது. உங்கிட்டக் குடுக்கச் சொன்னா. பாத்துட்டு எடுத்துட்டு வரச் சொன்னா"ன்னான். "வேற என்ன சொன்னா?" "வேற ஒன்னும் சொல்லல." "என்னைய வரச் சொன்னாளா, கவுன எடுத்துட்டு வரச் சொன்னாளா?" "அம்மா, ரெண்டும் ஒன்னுதாம்மா"ன்னுட்டுப் போயிட்டான்.

பாத்துட்டு! அந்த வார்த்தைய எங்கிட்ட எப்படிச் சொல்லலாம்? டெய்லரு செக்கர்கிட்டப் பாக்கச் சொன்னா அது வெறும் பாக்கறதா?

இந்தா, இதான் அந்தக் கவுனு. கைய நல்லாத் தொடைச்சுக்க, தொடைச்சியா? பாரு. மாம்பழக் கலரு. கழுத்துல சுருக்கு, இடுப்புல பட்டி, கீழ மடிப்பு. நான் என்ன பண்ணுனன் தெரியுமா? டியூப் லைட்டுக்கடியில விரிச்சுப் போட்டன். மறுநாளு வெயில்ல போட்டன். உள்பக்கம் திருப்புனன். தையல் ஒன்னொன்னா நகத்தால தடவிட்டு வந்தன். ரெண்டு பக்கமும் மடிச்சு வெச்சுப் பாத்தா ஒரு நூலு ஏற எறங்க இல்ல. கொழந்தையோட தோலுல படுமேன்னு உள்தையலுக்கெல்லாம் மெத்துன்னு பட்டி வெச்சு மூடியிருக்கறா. பொத்தான் கட்டுன நூல ஒளிச்சு வெச்சிருக்கறா. அவசரக் கைக்காரி, எங்க போச்சு அந்த அவசரம்? எங்காச்சும் ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல இருக்கோணுமல்ல? இருந்தா எனக்கு லேசு. அம்ப ஒட்டாம, வாயால சொல்லுவன், "அம்மிணி, இங்க பாரு"ன்னு. அவ மொறைப்பா, நானும் மொறைப்பன், பழையபடி ஆயிரும். ஒன்னுமில்ல கண்ணு! இந்தத் துணியில ஒன்னுமே இல்ல!

இப்ப நான் போயி என்ன சொல்லோணும்? ஓகேன்னா அவளுக்கு அது செருப்படி மாதிரி. கரெக்ட்டுன்னா அளவு மட்டும் சரி, மத்ததெல்லாம் சொல்றதுக்கில்லன்னு ஆயிரும். அவளுக்கு இந்த வார்த்தையெல்லாம் நல்லாத் தெரியும், அவகிட்ட மழுப்ப முடியாது. இன்னொன்னு இருக்குதல்ல, அந்த வார்த்தை, அத நான் சொல்லலாம். சொன்னா பொய் கூட இல்ல. ஆனா எல்லாரும் என்ன நெனைப்பாங்க? கொழந்தையத் தூக்கறதுக்காகக் கெழவி எறங்கி வந்துட்டா, காக்காப் புடிக்கறா, வாய்க்கு வந்ததச் சொல்றாம்பாங்க. இத்தனை வருசம் நான் அந்த வார்த்தைய வாயில வெக்காம இருந்தது ஒரு கவுனுக்கா? நெசமாலுமே பெர்பெக்ட்டா இருக்கறதப் பெர்பெக்ட்டுன்னு சொன்னா எவளும் நம்ப மாட்டா பாரு, இந்த அநியாயத்த எங்க போயிச் சொல்றது?

பக்கத்து வீட்டு ருக்குமணி சொல்றா, "சூப்பருன்னு சொல்லிட்டுக் கறிசோறு தின்னுட்டு வாக்கா"ன்னு. சூப்பரெல்லாம் ஒரு வார்த்தையா? சினிமாப் போஸ்டருக்குச் சொல்றது.

நீயும் பாரு கண்ணு. சின்ன வயசுக் கண்ணு உனக்கு, எனக்குத் தெரியாதது தெரியலாம். நல்லா வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. இல்லையா? கழுத்துச் சுருக்கு? இல்லையா? செரி குடு. உனக்கும் தெரியல. நாசமாப் போச்சு.

அங்க போனா அவ மூஞ்சியப் பாத்து நான் ஒன்னும் பேச மாட்டன்னு முடிவு பண்ணியிருக்கறன். கவுனக் குடுத்துட்டு ஓரமா உக்காந்துக்குவன். பூபதிதான் பிரிவுல வந்து கூட்டிட்டுப் போறன்னு சொல்லியிருக்கறான். அவன்கிட்டயே குடுத்துட்டாலும் ஆச்சு. அவங்க வாசல்ல ஏறும்போது வாங்கன்னு சொன்னா ஏறுவன். சொல்லாட்டி வாசல்லயே நின்னு கொழந்தையப் பாத்துட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திருப்பூரு போயிருவன். எனக்கு அது பெருசில்ல. என்ன, அந்தக் கால ஒரு தடவை கையால தொட்டுப் பாக்கோணும். நேரா வந்துருச்சாங்கறத நான் பாக்காம எவன் சொன்னாலும் நம்ப முடியல. டாக்டரு சொல்றாரு, பூபதி சொல்றான். அவங்க சொல்றது எனக்கு எதுக்கு? நான் பாக்கோணும். அதான். வேற ஒன்னும் இல்ல. கண்ணுல தூசி, அந்தச் சன்னல இழுத்து உடு.

குன்னத்தூரு தாண்டிட்டமா? அட, பேச்சுல தெரியவே இல்ல. கண்டக்டரு தம்பி, காட்டுவலசுப் பிரிவு! நிறுத்துங்க, வயசானவ எறங்கோணும், ஓடுன பஸ்ஸுல எறக்கி உட்டுராதீங்க!

அதா வேப்பமரம் தெரியுது. அங்கதான் பூபதி வண்டிய வெச்சுட்டு நிப்பான். எங்க, காணமே? பொம்பளைங்கதான் நிக்கறாங்க. சித்த இரு. கண்ணு, நீ பாரு. பச்சைச் சீலை கட்டிட்டு நிக்கறவ யாரு? ஒசரமா, பின்னல முன்னால போட்டுட்டு?

கோகிலா.

அவளே வந்திருக்கறா. பூபதிய அனுப்பாம அவளே வந்திருக்கறா. கையில வெச்சிருக்கறா பாரு கொழந்தைய. ஐயோ, எத்தச்சோடு பெருசா ஆயிருச்சு! எறக்கி உடறா... ஏன் எறக்கி உடறா, ரோட்டுல? என்னையப் பாத்துட்டுத்தான் எறக்கி உடறா. எனக்குக் காட்டறதுக்குத்தான் எறக்கி உடறா. நடக்குது. நடக்குது கண்ணு! கையப் புடிக்காம நடக்குது!

இந்தா, இந்த அம்பெல்லாம் நீ எடுத்துக்க. பிச்சு எடு, சீக்கிரம், பொறங்கை பூராத்தையும். இந்த வெரல்ல ஒன்னு இருக்குது பாரு, அதையும் எடு. கொழந்தைய வாங்கோணும், கையில ஒன்னும் இருக்கக் கூடாது. எறங்கறன் தம்பி, எறங்கறன், விசில் அடிச்சுராதீங்க! பையி, ஐயோ, கவுன் பையி! சன்னல் வழியாக் குடு கண்ணு, கசக்காம!

என்ன கேக்கற? காலா? நேரா வந்துருச்சான்னா கேக்கற?

எடது பக்கம் லேசாச் சாயுது. உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது. சாயுது, அதனால என்ன? எவளாச்சும் வாயத் தொறந்து சொல்லட்டும், அப்பறம் இருக்குது அவளுக்கு.